நிலுவையில் ஒரு பொட்டு

தேவசிகாமணியின் நெற்றியில், இரண்டு புருவங்களுக்கும் நடுவே, பொட்டு வைக்கிற இடத்தில் அந்தக் கட்டி வந்தது. ஒரு விரற்கடை தள்ளி வந்திருந்தால் அது வெறும் கட்டியாகவே இருந்திருக்கும். உளுந்து அளவில், செக்கச் செவேலென்று, வட்டமாக, மினுமினுப்பாக இருந்தது. வலி இல்லை, அரிப்பு இல்லை. கண்ணாடி பார்க்கும் பழக்கம் இல்லாத அவருக்கு அப்படி ஒன்று வந்திருப்பதே கொஞ்ச நாள் தெரியவில்லை.

அவர் ஓய்வுபெற்ற சர்வேயர். அம்பாசமுத்திரம் பக்கத்து வயல்களில் வேலைக்காலம் முழுவதையும் வெயிலில் கழித்தவர். தொப்பி போடமாட்டார். தொப்பி போட்ட சர்வேயரை விவசாயி நம்பமாட்டான் என்பது அவர் கட்சி. ஒரு வரப்பை அளந்து கல் நட்டபின் இரண்டு தரப்பும் ஒரே அளவுக்குத் தன்னைத் திட்டினால்தான் அளவு சரி என்று எடுத்துக்கொள்வார். ஒரு தரப்பு மட்டும் திட்டினால் மறுபடியும் சங்கிலியைப் பிரிப்பார். ஓய்வுக்குப் பின் பாளையங்கோட்டையில் வீடு கட்டிக் குடியேறினார். சர்க்கரை வந்தது, சர்க்கரையின் பின்னால் சிறுநீரகம் போனது. வாரம் மூன்று நாள் தனியார் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் என்று ஆனது.

அங்கே அவருக்குப் பக்கத்துக் கட்டில் கோபாலசுப்பிரமணியன். முன்சீப் கோர்ட்டில் தலைமை எழுத்தராக இருந்தவர். எல்லைத் தகராறு வழக்குகளில் தேவசிகாமணி சாட்சிக் கூண்டில் ஏறி வரைபடத்தை விரிப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். இப்போது இருவர் ரத்தமும் பக்கத்துப் பக்கத்து இயந்திரங்களில் ஓடிக்கொண்டிருந்ததால் பேசுவதற்கு நேரம் நிறைய இருந்தது. கட்டியை முதலில் பார்த்தவர் அவர்தான்.

"என்ன ஓய், கிறிஸ்து வேதத்துலேர்ந்து நம்ம பக்கம் வந்துட்டீரா? பொட்டு அமோகமா இருக்கே."

"எங்கனவே?"

"நெத்தியிலதான். வேற எங்க வெச்சுப்பா?"

தேவசிகாமணி ஊசி குத்தாத கையால் தடவிப் பார்த்தார். "கொசு கடிச்சிருக்கும்" என்றார்.

கொசுக்கடியை அந்த வாரமே கோயிலில் கிருபைராஜ் பார்த்தார். கிருபைராஜுக்கு இரும்புச் சாமான் கடை. சபையை நிர்வகிக்கிற சேகரக் கமிட்டிக்குச் செயலாளர். நற்கருணைக்கு ஆட்களை வரிசையாக அனுப்புவது அவர் வேலை. மண்டியிட்டு எழுந்து திரும்பிய தேவசிகாமணியின் முகம் அவர் முகத்துக்கு நேரே வந்தது. கிருபைராஜ் அடுத்த ஆளை அனுப்ப மறந்துபோனார்.

அந்தச் சபையின் குடும்பங்கள் எல்லாம் சில தலைமுறைகளுக்கு முன்னால் மிஷனரிமார்களின் முன்னிலையில் நெற்றியைத் துடைத்துக்கொண்டவை. துடைத்த நெற்றி துடைத்தபடியே இருக்கிறதா என்று பக்கத்து வீட்டார் இன்றைக்கும் ஒரு கண் வைத்திருப்பார்கள். கல்யாணத்துக்கு மணப்பெண் கூட வெறும் நெற்றியோடுதான் வருவாள். அதிலும் அது கமிட்டித் தேர்தல் நெருங்கிய சமயம். தேவசிகாமணி எந்த அணியிலும் இல்லை. ஆகவே இரண்டு அணிகளும் அவரைச் சந்தேகித்தன.

சனிக்கிழமை சாயங்காலம் கிருபைராஜ் இன்னும் இரண்டு பேருடன் வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்து, மழையைப் பற்றிப் பேசி, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று விசாரித்து, கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணாச்சி, ஒரு சின்ன சந்தேகம். தப்பா எடுக்கக் கூடாது."

"கேளும்."

"நெத்தியில என்னது?"

"கட்டி."

"செவப்பா இருக்கே."

"கட்டி செவப்பாத்தான் இருக்கும்."

"சரியா நடுவுல இருக்கே."

"நான் அளந்து வைக்கல கிருபைராஜ்."

உள்ளே இருந்து அவர் மனைவி சாரம்மாளின் குரல் வந்தது. "பொம்பள நானே பொட்டு வச்சதில்ல. இவுகளா வைக்கப் போறாக? குடிச்ச டம்ளரைக் குடுத்துட்டுக் கெளம்புங்க."

வந்தவர்கள் டம்ளரைக் கொடுத்தார்கள், கிளம்பவில்லை. கிருபைராஜ் கைக்குட்டையை எடுத்தார். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் கிடைக்குமா என்று கேட்டார். தேவசிகாமணி மறுக்கவில்லை. தகராறு என்றால் இடத்தைத் திறந்து காட்டுவதுதான் முறை என்று அவரே எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து, நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்தி, தலையை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டார். கிருபைராஜ் தேய்த்தார். கைக்குட்டையில் எண்ணெய் மட்டுமே ஒட்டியது.

"பாத்தீரா?"

"பாத்தேன் அண்ணாச்சி" என்றார் கிருபைராஜ், ஏமாற்றமாக.

கூட வந்தவர்களில் ஒருவர், அழியாத சாயம் இப்போது கடைகளில் நிறைய வந்திருப்பதாகச் சொன்னார். அவர்கள் கமிட்டிக்குக் கொடுத்த அறிக்கையில் "எண்ணெயில் போகவில்லை" என்ற வரி மட்டும் இருந்தது. அதைப் படித்தவர்கள் பொட்டு இருக்கிறது, எண்ணெயில் போகவில்லை என்றே எடுத்துக்கொண்டார்கள். விசாரணை வைப்பதென்று தீர்மானம் ஆனது.

திங்கட்கிழமை டயாலிசிஸில் ஊசி குத்த வந்த டெக்னீசியன் டார்லின் அந்தக் கட்டியைக் குனிந்து பார்த்தாள். "அங்கிள், இது போன வாரம் இம்புட்டு இல்லையே" என்று சொல்லிவிட்டுப் பெரிய டாக்டரைக் கூட்டிவந்தாள். அவர் புற்றுநோய் அறுவை மருத்துவர் ஸ்னேகாவிடம் அனுப்பினார். ஸ்னேகா ஒரு துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். முடிவு வந்ததும் தேவசிகாமணியையும் சாரம்மாளையும் உட்காரவைத்துச் சொன்னாள்.

"இதுக்கு மெர்க்கல் செல் புற்றுநோய்னு பேரு. தோல்ல வர்றது. ரொம்ப அபூர்வம், லட்சத்துல ஒருத்தருக்குக்கூட வராது."

"அப்பம் எனக்கு ஏன் வந்துது?"

"வெயில் ஒரு காரணம். இன்னொண்ணு கிட்னி. கிட்னி போனவங்களுக்கு உடம்போட காவல்காரன் பாதித் தூக்கத்துலதான் இருப்பான். டயாலிசிஸ்ல இருக்கிறவங்களுக்கு இது மத்தவங்களைவிடக் கூடுதலா வருது. வலிக்காது, அதுதான் இதோட சூழ்ச்சி. ஆனா சீக்கிரம் வளரும், சீக்கிரம் நெறிகட்டுற இடத்துக்குப் பரவும். பரவுறதுக்கு முன்னால வெட்டணும். திங்கள் டயாலிசிஸ்ல ரத்தம் உறையாம இருக்கப் போடுற மருந்தை நிறுத்திருவோம், செவ்வாய் ஆப்பரேஷன். வர்ற வாரமே வச்சுக்கலாம்."

தேவசிகாமணி யோசித்தார். "இப்பம் முடியாதும்மா. கேஸ் நிலுவையில இருக்கு."

டாக்டருக்கு முழுக்கதையும் சொல்லவேண்டியதாயிற்று. அவள் சாரம்மாளைப் பார்த்தாள். சாரம்மாள் கூரையைப் பார்த்தாள்.

தேவசிகாமணி தரப்பில் ஒரு நியாயம் இருந்தது. எல்லைக்கல்லைப் பற்றி வழக்கு நடக்கும்போது, அந்தக் கல் தப்பான இடத்தில் இருந்தாலும் அதைத் தொடக்கூடாது. விசாரணைக்கு முன்னால் கல்லைப் பிடுங்கியவன் சொந்த நிலத்தையே தோற்றுப் போனதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். கட்டியை இப்போது வெட்டிப்போட்டால், பொட்டை அழித்துவிட்டு வந்து நிற்கிறார் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு ஆயுசுக்கும் அவர் பொட்டு வைத்தவர்தான்.

"கல்லு வயல்ல சும்மாக் கெடக்கும்" என்றாள் சாரம்மாள், ஆட்டோவில் வரும்போது. "இது வளருதே."

"ஒரு கூட்டம்தானே. வச்சு முடிச்சிருவாங்க."

முதல் கூட்டம் அசனப் பண்டிகையால் தள்ளிப்போனது. சபை முழுவதற்கும் கறிச்சோறு ஆக்கிப் போடுகிற அந்த விருந்துக்கு ஆடு பிடிப்பதில் கமிட்டி இரண்டாகப் பிரிந்திருந்தது. நெற்றியைப் பற்றிப் பேச யாருக்கும் பொழுது இல்லை. இரண்டாவது கூட்டத்தில், ஆட்டு விவகாரத்தில் தோற்ற அணி வெளிநடப்புச் செய்ததால், கூட்டம் செல்லுபடியாக வேண்டிய ஆள்கணக்கான கோரம் இல்லை. அதற்குள் கட்டி உளுந்திலிருந்து சுண்டைக்காய் ஆகியிருந்தது. கமிட்டிக்கு ஒரு துணைப் புகாரும் வந்தது. நடவடிக்கை எடுக்கத் தாமதித்ததால் மேற்படியார் துணிச்சல் பெற்று, இப்போது முன்னைவிடப் பெரியதாக வைத்துக்கொண்டு வருகிறார் என்பது புகார்.

டயாலிசிஸ் அறையிலும் நிலைமை சிக்கலானது. எதிர்க் கட்டில்காரரின் மனைவி மாரிக்கண்ணு, கேட்காமல் நெற்றியில் வந்து உட்கார்ந்திருப்பது அம்மன்தான் என்று முடிவுசெய்திருந்தாள். தேவசிகாமணி கண்ணயர்ந்த நேரத்தில் கட்டிக்கு மேலே ஒரு கீற்றுத் திருநீறு பூசிவிட்டாள். அவர் அப்படியே வீட்டுக்கு வந்து இறங்கினார். சாரம்மாள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வாசற்படியிலேயே சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"ஊர்ல உள்ள சாமியெல்லாம் ஒங்க நெத்தியிலதான் எடம் பாக்குது" என்றாள். பிறகு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அழுது அவர் அதிகம் பார்த்ததில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அறைவாசலிலேயே நின்றார்.

மறுமுறை டயாலிசிஸுக்கு சாரம்மாளும் கூடவே வந்து, கோபாலசுப்பிரமணியனின் கட்டிலுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். "நீங்க கோர்ட்டுல இருந்தவிய. இவுகளுக்கு நான் சொன்னா ஏறாது. சட்டம் சொன்னாத்தான் ஏறும். ஒரு வழி சொல்லுங்க."

கோபாலசுப்பிரமணியன் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று அவள் நினைத்தபோது பேசினார்.

"ஓய் தேவசிகாமணி, கேஸ் நிலுவையில இருக்கறச்சே சுவர் இடிஞ்சு விழறாப்ல இருந்தா கோர்ட்டு என்ன பண்ணும்?"

"கோர்ட்டு சார்பா ஒரு கமிஷனரைப் போடும். அவரு வந்து பாத்து, அவரு முன்னால எடுப்பாங்க."

"அப்பறம் என்ன ஓய்? இடியற சுவரை நெத்தியில வெச்சுண்டு கோரத்துக்குக் காத்துண்டிருக்கீர். கமிட்டியை ஒரு கமிஷன் போடச் சொல்லும். அவா மனுஷன் ஒருத்தன் முன்னாலேயே வெட்டச் சொல்லும்."

தேவசிகாமணியின் முகம் தெளிந்தது. இது முறைப்படி இருந்தது.

மனுவை எழுதியது கோபாலசுப்பிரமணியன். அதைக் கிருபைராஜின் கடைக்குக் கொண்டுபோனது சாரம்மாள். ஆணி நிறுத்துக்கொண்டிருந்த கிருபைராஜ், கமிட்டி கூடித்தான் முடிவெடுக்கவேண்டும் என்றார். சாரம்மாள் கல்லாவுக்கு முன்னால் நின்றுகொண்டாள். வாங்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் என்ன விஷயம் என்று விசாரித்தார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் ஆதியிலிருந்து சொன்னாள். மூன்றாவது ஆளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது கிருபைராஜ் கையெழுத்துப் போட்டார். கமிஷனராகத் தானே வருவதாகவும் ஒப்புக்கொண்டார்.

டாக்டர் ஸ்னேகா எதற்கும் சம்மதிக்கிற நிலைக்கு வந்திருந்தாள். "யார் வேணும்னாலும் வரட்டும். பச்சை கவுன் போட்டுட்டு, எதையும் தொடாம ஓரமா நிக்கணும்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை தேவசிகாமணியின் முகத்தைத் துணியால் மூடி நெற்றியை மட்டும் திறந்துவைத்தார்கள். மரத்துப்போகிற ஊசி மட்டும்தான், மயக்கம் இல்லை. டாக்டர் ஊதாப் பேனாவால் கட்டியைச் சுற்றிக் கோடு போட்டாள்.

"எவ்வளவு விட்டுப் போடுதீங்க?" என்று துணிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"சுத்தி ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. நோய் கண்ணுக்குத் தெரியாம ஓரத்துல இருக்கலாம்."

"நடுவுல இருந்தா, ஓரத்துல இருந்தா?"

"கட்டியோட ஓரத்துல இருந்து."

"அப்பம் சரி. கிருபைராஜ், பாத்துக்கிட்டீரா?"

"பாத்துக்கிட்டேன் அண்ணாச்சி" என்றார் மூலையிலிருந்த கிருபைராஜ். கவுன் அவருக்கு முழங்கால்வரைதான் இருந்தது.

கட்டி வெளியே வந்தது. மேலே சிவப்பாகத் தெரிந்தது அதன் உச்சி மட்டும்தான். கீழே வெளிறிய சதையாக இறங்கியிருந்தது. டாக்டர் அதை இடுக்கியில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினாள். கிருபைராஜ் அதைப் பார்த்தார். பிறகு அது எடுக்கப்பட்ட இடத்தைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது பொட்டு இல்ல" என்றார். சொல்லிவிட்டு முன்பக்கமாகச் சாய்ந்து, கருவி வைத்திருந்த வண்டியின் விளிம்பில் மோதி விழுந்தார்.

"என்ன சத்தம்?" என்று கேட்டார் தேவசிகாமணி.

"கமிஷனர்" என்றாள் டாக்டர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் இருவர் நெற்றியில் பிளாஸ்திரி இருந்தது. கிருபைராஜின் பிளாஸ்திரிக்கு அடியில் இரண்டு தையல். எதிரணியினர் அவரைச் சுற்றிக்கொண்டு பிளாஸ்திரிக்கு உள்ளே என்ன என்று கேட்டார்கள். விழுந்துவிட்டேன் என்றார். சரியாக நெற்றியிலா விழுந்தீர்கள் என்று கேட்டார்கள். அவர் தன்னுடைய சாட்சியத்தை எழுதிக் கொடுத்தார். ஆனால் அவரே சந்தேகத்துக்குரியவர் ஆகிவிட்டதால், அதை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பதே அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக வந்தது.

ஆஸ்பத்திரியில் வேறொரு செய்தி காத்திருந்தது. வெட்டிய விளிம்பு சுத்தமாக இருந்தது. ஆனால் ஸ்கேனில், காதுக்கு முன்னால் ஒரு நெறிக்கட்டி வீங்கித் தெரிந்தது. ஊசி விட்டு எடுத்துப் பார்த்ததில் அதிலும் அதே நோய்.

தேவசிகாமணி நேராகக் கேட்டார். "மொதல்ல சொன்ன அன்னைக்கே வந்திருந்தா இது இருந்திருக்காதோ?"

டாக்டர் மேசைமேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தாள். "இருந்திருக்காம போயிருக்கலாம். உறுதியாச் சொல்ல முடியாது ஐயா."

அவர் தலையை ஆட்டினார். சாரம்மாள் ஸ்கேன் உறையை எடுத்துப் பையில் வைத்தாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இனி என்ன என்பதை டாக்டர் விளக்கினாள். கதிர்வீச்சு வைத்தியத்துடன், தூங்கும் காவல்காரனை எழுப்பிவிடுகிற ஒரு மருந்தும் கொடுக்கவேண்டும். ஊசி வழியாக, சில வாரங்களுக்கு ஒருமுறை. கோபாலசுப்பிரமணியன் சொல்லி அனுப்பியிருந்த சந்தேகத்தைத் தேவசிகாமணி கேட்டார். ரத்தத்தில் ஏற்றுகிற மருந்தை அந்த டயாலிசிஸ் இயந்திரம் கழுவி வெளியே விட்டுவிடாதா?

"விடாது. மாவு சலிக்கிற சல்லடையில தேங்காயைப் போட்டா கீழ விழுமா? இந்த மருந்து அவ்வளவு பெருசு. டயாலிசிஸ் முடிஞ்சதும் அதே ஊசி வழியா ஏத்திரலாம், தனியாக் குத்த வேண்டாம். காவல்காரன் முழிச்சதும் ஆள் தெரியாம உங்களையே அடிக்கிறதும் உண்டு, அதைக் கவனிச்சுக்கணும். வெள்ளிக்கிழமை ஆரம்பிக்கலாம்."

மஸ்கட்டில் இருந்த மகன் ஜாஸ்பர் மருந்துக்கான ஏற்பாட்டைச் செய்தான். வியாழக்கிழமை ராத்திரி கிருபைராஜ் போன் செய்தார். ஒருவழியாக இரண்டு அணிகளும் சம்மதித்துவிட்டன, இறுதி விசாரணை நாளை, கட்டாயம் நேரில் வரவேண்டும்.

வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடியப்போகிற நேரத்தில் தேவசிகாமணியின் போன் மறுபடியும் அடித்தது. டார்லின் அதை எடுத்து அவர் காதில் வைத்தாள். கிருபைராஜின் குரல் பக்கத்துக் கட்டில்வரை கேட்டது.

"அண்ணாச்சி, கோரம் ஆயிட்டு. எல்லாரும் உக்காந்திருக்காங்க. இந்தக் கமிட்டியில இப்படி முழுசா ஆள் வந்து நான் பாத்ததே இல்ல. நீங்க மட்டுந்தான் வரணும். வண்டி அனுப்பட்டா?"

தேவசிகாமணி டார்லினின் கையிலிருந்த மருந்துப் பையைப் பார்த்தார். தண்ணீர் மாதிரிதான் இருந்தது. வேலைக்காலத்தில் அவர் ஒரு விசாரணையையும் தவறவிட்டதில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறார். தகப்பனார் இறந்த மறுநாள் போயிருக்கிறார்.

"போகலேன்னா ஒருதலைப்பட்சமாத் தீர்ப்பாயிடும் ஓய்" என்றார் கோபாலசுப்பிரமணியன், தாழ்ந்த குரலில். "சொல்லவேண்டியது என் கடமை."

"ஊசிய நாளைக்குப் போடலாமாம்மா?" என்று தேவசிகாமணி டார்லினிடம் கேட்டார்.

"டாக்டர்கிட்டதான் கேக்கணும் அங்கிள். ஊசி இப்ப குத்தியிருக்கு. நாளைக்குன்னா புதுசாக் குத்தணும்."

ஸ்டூலில் இருந்த சாரம்மாள் எழுந்தாள். அவள் ஏதாவது சொல்வாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் போர்வையை இழுத்து அவர் காலை மூடிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தாள்.

"கிருபைராஜ்" என்றார் அவர் போனில்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

"நான் வரல."

"அண்ணாச்சி, வரலேன்னா பொட்டு வச்சதாவே முடிவாயிரும். பெறகு மாத்த முடியாது."

"ஆயிட்டுப் போகுது."

"நெசமாத்தான் சொல்லுதியளா?"

"ஆமா. இங்கன எனக்கு ஒரு சோலி இருக்கு. போனை வையும்."

டார்லின் மருந்தை மாட்டினாள். அது சொட்டுச் சொட்டாக இறங்குவதைத் தேவசிகாமணி கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார்.

தீர்ப்பு அன்றைக்கே ஆனது. கிருபைராஜ் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஒரே பக்கம் கை தூக்கினார்கள். மேற்படியார் பொட்டு வைத்தது நிரூபிக்கப்பட்டது என்றும், தற்போது அது இல்லாத காரணத்தால் இனிமேல் வைக்கக்கூடாதென்று எச்சரித்து விடப்படுகிறார் என்றும் முடிவெடுத்தார்கள். இரண்டு அணிகளும் ஒத்துப்போன ஒரே தீர்மானம் அதுதான் என்று பின்னால் சொல்லிக்கொண்டார்கள். தேவசிகாமணி ஞாயிற்றுக்கிழமை வழக்கமான இடத்திலேயே உட்கார்ந்தார். தழும்பு நெற்றியில் கோணலாக ஓடியது. யாரும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் வழக்கு மறுபடியும் திறந்துவிடும் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது.

மருந்து சில தடவை ஏறியது. உடம்பெல்லாம் ஒருமுறை தடித்துச் சொறிந்தது. அதற்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள். கதிர் வைத்தியமும் முடிந்தது. பிறகு மறுபடியும் ஸ்கேன் எடுத்தார்கள்.

டாக்டர் ஸ்னேகா படத்தைத் திரையில் காட்டி, நல்லாக் குறைஞ்சிருக்கு என்றாள். தேவசிகாமணி நம்பவில்லை. பழைய படத்தையும் பக்கத்தில் போடச் சொன்னார். போட்டாள். இரண்டும் ஒரே அளவுகோலில் இருக்கின்றனவா என்று கேட்டார். இல்லை. அவள் சரிசெய்து போட்டாள். அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குக் கிட்டே போய், விரலால் தொடாமல், காதெலும்பிலிருந்து நெறிக்கட்டியின் விளிம்புவரை இரண்டு படத்திலும் கண்ணாலேயே ஓட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். வெளியே அடுத்த நோயாளி கதவைத் தட்டினார்.

"காவல்காரன் பாதிக்கு மேல காலி பண்ணிட்டான்" என்றார்.

"இன்னும் இருக்கு ஐயா. தொடர்ந்து போடணும். முழுசாப் போயிரும்னு நான் சொல்லமாட்டேன்."

"நீங்க சொல்லாண்டாம். படத்துல இருக்கதைச் சொன்னாப் போதும்."

சாரம்மாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர் எழவில்லை. அடுத்த ஊசி என்றைக்கு என்று கேட்டார். டாக்டர் தேதியைச் சொன்னாள். அன்றைக்குக் காலையில் எத்தனை மணிக்கு வந்தால் சரியாக இருக்கும் என்று கேட்டார்.